ஜுரம் இறங்கிய கணக்கு

அத்திம்பேர்,

வீடெல்லாம் ஓடிகொலோன் வாசனை. என் பெண் ஜுரத்தில் படுத்து நாலு நாள் ஆகிறது. அவள் நெற்றியில் நனைத்துப் போட்ட துணி தலையணையில் சரிந்து கிடக்கிறது. தெர்மாமீட்டர் என் கையில் இருக்கிறது. உங்களுடையதுதான், மூடி நசுங்கிய அதே நிக்கல் குழாய். அது என்னிடம் எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது திட்டுவதற்கு நீங்கள் எங்கே இடம் கொடுத்தீர்கள்?

ஒரு காலத்தில் உங்களை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மீதிக்கு அர்த்தமில்லை. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுப் பந்தலில் அக்காவின் கல்யாணம் நடந்த மூன்றாம் நாள். காலேஜில் கணக்கு வாத்தியார் மாப்பிள்ளை என்று பெரியவர்கள் எல்லோரும் உங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியதில் எங்களுக்குப் பொறுக்கவில்லை. மட்டம் தட்டியே தீருவது என்று மச்சினன்மார் நாங்கள் ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டோம். நீங்களோ ஜமக்காளத்தில் சம்மணமிட்டு, வெற்றிலையை மடித்தபடி, "வரிசையா எண் சொல்லுங்கோடா, அடுத்தது என்னன்னு நான் சொல்றேன்" என்றீர்கள்.

என் பெரியப்பா பிள்ளை இரண்டு, ஐந்து, பத்து, பதினேழு என்றான். வாயில் வெற்றிலையோடு இருபத்தாறு என்றீர்கள். இன்னொருவன் மூன்று, ஆறு, பன்னிரண்டு, இருபத்துநாலு என்று ஆரம்பித்து முடிப்பதற்குள் நாற்பத்தெட்டு என்றீர்கள். எல்லோரும் வாயைப் பிளந்தோம். அப்புறம் பெரிய மனது பண்ணி ரகசியத்தையும் சொன்னீர்கள். அடுத்தடுத்த எண்களைக் கழித்துக்கொண்டே போ. முதல் வரிசையில் மூன்று, ஐந்து, ஏழு என்று வித்தியாசம் வருகிறதா, அடுத்த வித்தியாசம் ஒன்பது. இரண்டாவது வரிசையில் கழித்தால் பிடிபடாது, வகுத்தால் ஒவ்வொன்றும் முன்னதைப் போல் இரண்டு மடங்கு. "கழிச்சுப் பாரு. வழிக்கு வரலைன்னா வகுத்துப் பாரு. இந்த ரெண்டுக்கும் மசியாத தொடரை ஆண்டவன் இன்னும் எழுதலை" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். அன்று முதல் நான் உங்கள் அடிமை.

அக்கா மட்டும் அடிமையாகவில்லை. ஒரு நாள் நீங்கள் எங்கள் இருவரிடமும், "ஒண்ணு, ரெண்டு, நாலு, அடுத்தது என்ன?" என்று கேட்டீர்கள். நான் எட்டு என்றேன். அக்கா ஏழு என்றாள். இரண்டும் சரிதான் என்றீர்கள். இரட்டித்துக்கொண்டே போனால் எட்டு, ஒன்று இரண்டு மூன்று என்று கூட்டிக்கொண்டே போனால் ஏழு. "அதனாலதான் மூணு எண்ணை வெச்சுண்டு ஜோசியம் சொல்லப்படாது. நாலாவது வந்து சாட்சி சொல்லணும்" என்றீர்கள். இந்த வார்த்தையை நீங்கள் மறந்தீர்கள். நான் மறக்கவில்லை.

அதற்குப் பதிலாக அக்கா உங்களுக்கு ஒரு வரிசை கொடுத்தாளே, ஞாபகம் இருக்கிறதா? ஐந்து, இரண்டு, ஒன்பது, மூன்று. கழித்தீர்கள், கழித்ததைக் கழித்தீர்கள், வகுத்தீர்கள். பலகை முழுக்கச் சுண்ணாம்புக்கட்டி. கொண்டு வந்து வைத்த காப்பி ஆறி ஆடை படிந்துவிட்டது. கடைசியில் அவள் சிரிப்பை அடக்க முடியாமல், "பக்கத்தாத்து மாமா காலம்பற போடற தும்மல். நாலு நாளா எண்ணிண்டு வரேன்" என்றாள்.

"இது தொடரே இல்லைடி" என்று கோபித்துக்கொண்டீர்கள்.

"எண்கள் வரிசையா நின்னா உங்களுக்கு அது தொடர்தானே?" என்றாள்.

நான் தரையில் புரண்டு சிரித்தேன். உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு தியாகராய நகரில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு போனீர்கள். பழைய மாம்பலம் ஏரி கிடந்த மண். மழை பெய்தால் தவளைக்குத் தன் பூர்வீகம் நினைவு வந்துவிடும் என்று அக்கா எழுதுவாள். தெருவுக்கு நாலு வீடு, நடுவில் வெட்டவெளி, ஒவ்வொரு வீட்டுக்கும் புதுக் கிணறு. ஐப்பசி மழையில் அந்தக் கிணற்றுத் தண்ணீரோ வேறு எதுவோ, அக்கா படுத்துவிட்டாள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்ட வீடு எங்களுடையது. பி.ஏ. தேறிவிட்டு வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த நான் உங்கள் வீட்டோடு வந்து தங்கினேன்.

மயிலாப்பூர் லஸ்ஸிலிருந்து டாக்டர் வந்து பார்த்தார். டைபாய்டு என்றார். பார்லித் தண்ணீரும் படுக்கையும்தான் மருந்து. காலையும் சாயங்காலமும் ஜுரத்தையும் நாடியையும் எழுதி வைக்கச் சொன்னார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் உங்களிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "மூணாவது வாரம்தான் ஜாக்கிரதையா இருக்கணும். ஜுரம் திடீர்னு விழுந்தா சந்தோஷப்படாதீங்கோ. நாடியைப் பாருங்கோ. உடனே எனக்கு ஆள் விடுங்கோ."

கட்டம் போட்ட காகிதத்தில் நீங்கள் ஜுரத்துக்குச் சிவப்புக் கோடு போட்டீர்கள். நாடிக்குக் கோடு போடவில்லை. "அது தாறுமாறா ஏறி இறங்கறதுடா, அதுல ஒண்ணும் பிடிபடாது" என்றீர்கள். நான் உங்கள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணி, ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதுவேன். அதை நீங்கள் ஒரு நாளும் படித்ததாக எனக்குத் தெரியாது.

மூன்றாம் வாரம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நூற்று நாலு. செவ்வாய் நூற்று மூன்று. புதன் நூற்று ஒன்று. உங்கள் முகத்தில் எத்தனையோ நாள் கழித்து வெளிச்சம் வந்தது. "ஒண்ணு குறைஞ்சுது, அப்புறம் ரெண்டு குறைஞ்சுது. நாளைக்கு மூணு குறையும். தொண்ணுத்தெட்டு. நார்மல்!" என்று சமையல்கார மாமிக்குக் கூடச் சொன்னீர்கள். நானும் நம்பினேன். நம்பத்தானே ஆசையாக இருந்தது.

வியாழக்கிழமை நாலு மணிக்கு நீங்களே தெர்மாமீட்டரை வைத்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தீர்கள். தொண்ணூற்றேழு. ஒரு நிமிஷம் புருவத்தைச் சுருக்கினீர்கள். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு, "மூணு இல்லைடா அம்பி, நாலு! ஒண்ணு, ரெண்டு, நாலு. கூட்டல் இல்லை, இரட்டிப்பு. விகிதம்டா!" என்றீர்கள்.

அக்கா கண்ணைத் திறந்தாள். உதடு வெளுத்திருந்தது. "உங்க கணக்கு சரியா வந்துதா?" என்றாள்.

"நான் நெனச்சதைவிட அழகா வந்திருக்குடி" என்றீர்கள்.

அழகு! அந்த வார்த்தையை இன்றைக்கும் என்னால் யார் வாயிலிருந்தும் கேட்க முடிவதில்லை, அத்திம்பேர். அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். கிணற்று வாளி மாதிரி சில்லிட்டிருந்தது. கழுத்தெல்லாம் வேர்வை. காலையில் தொண்ணூறாக இருந்த நாடி, எண்ண முடியாமல் ஓடியது. மறுபடி எண்ணி ஓரத்தில் எழுதினேன். "நூத்து நாப்பது ஓடறது அத்திம்பேர். டாக்டர் சொன்னாரே, திடீர்னு விழுந்தா..." என்றேன்.

"எது திடீர்? முறைப்படி இறங்கறது. முறை இருந்தா அது திடீர் இல்லைடா. ஜுரம் விட்ட உடம்பு, பலஹீனத்துல நாடி ஓடத்தான் ஓடும்."

எனக்கு உங்கள் வித்தை தெரியும். நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள். நாலை இரட்டித்தேன், தொண்ணூற்றேழிலிருந்து எட்டைக் கழித்தேன். "அப்போ அடுத்தது எண்பத்தொம்பதா?" என்று கேட்டேன்.

பென்சில் நின்றது. "தொடர் நார்மலோட நின்னுடும். எல்லாத்துக்கும் ஒரு எல்லை உண்டு. நீ சும்மா இரு" என்றீர்கள். கால்மணி நேரம் வாதாடினேன். கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். உதறிக்கொண்டு ஓடினேன்.

பெரிய ரோடு வரைக்கும் ஓடித்தான் ஒரு ஜட்கா கிடைத்தது. "இன்னா சாமி, இப்டி மூச்சு வாங்குது? வூட்ல யாருக்கு இன்னா?" என்று வண்டிக்காரன் கேட்டான். அக்காவுக்கு உடம்பு என்றேன். அவன் சாட்டையை எடுத்தான். லஸ் வரைக்கும் நான் "சீக்கிரம், சீக்கிரம்" என்று அரற்றிக்கொண்டே வந்தேன். "ஓடிக்கினுதான் கீது சாமி, குதிரைக்கு றெக்கை இல்லியே" என்றவன் எழுந்து நின்றே குதிரையை விரட்டினான். முன்பின் தெரியாத அவனுக்குப் புரிந்தது உங்களுக்குப் புரியவில்லை.

டாக்டர் தன் மோட்டாரிலேயே என்னை ஏற்றிக்கொண்டு வந்தார். விளக்கு வைக்கிற நேரம். உள்ளே போனவர் போர்வையை விலக்கிப் பார்த்தார். விரிப்பெல்லாம் ரத்தம். குடலில் புண் உடைந்துவிட்டது என்றார். "எப்போ ஜுரம் விழுந்தது? நாடி என்ன இருந்தது?" என்று உங்களைத்தான் கேட்டார். நீங்கள் கட்டக் காகிதத்தை நீட்டினீர்கள். சிவப்புக் கோட்டை அவர் பார்க்கவே இல்லை. ஓரத்திலிருந்த என் பொடி எழுத்தைப் படித்துவிட்டு, காகிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தார். அவளுக்கு அதற்குள் மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கால்மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா? டாக்டரைப் பிற்பாடு கேட்டேன். "சொல்ல முடியாதுப்பா, நூத்துல சில பேர் பொழைக்கறா" என்றார். அந்தச் சில பேரில் ஒருத்தியாக இருக்க அவளுக்கு நீங்கள் இடம் கொடுக்கவில்லை. அதுதான் என் ஆத்திரம். துக்கம் கேட்க வந்தவர்களிடம் நீங்கள், "ஜுரம் நன்னா இறங்கித்தான் இருந்தது, விதி" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். விதியின் தலையில் எதைக் கட்டினாலும் அது வாய் திறக்காது.

வருஷம் திரும்பியதும் மறு கல்யாணம் செய்துகொண்டீர்கள். அதற்கு நான் குறை சொல்லவில்லை, ஊர் வழக்கம். அப்பா வற்புறுத்தியதால் வந்தேன். புது மச்சினன்மார் உங்களைச் சூழ்ந்துகொண்டு, "ஒண்ணு, ரெண்டு, நாலு, அடுத்தது என்ன அத்திம்பேர்?" என்று கேட்டார்கள். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற என்னை நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துக்கொண்டே "எட்டு" என்றீர்கள். இலை போட்டிருந்தார்கள். கை நனைக்காமல் வெளியே வந்துவிட்டேன். அதற்கப்புறம் உங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

நீங்கள் போன செய்தி வந்ததும்தான் மிதித்தேன். நீங்கள் இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட பெண் பாவம், சின்னவள். என்னைத் தெரிந்துகொண்டு உள்ளேயிருந்து இந்த நிக்கல் குழாயைக் கொண்டுவந்து, "உங்க அக்கா இருந்தபோது வாங்கினதுன்னு சொல்வார். உங்ககிட்ட இருக்கட்டும்" என்று கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தயங்கினாள். "ஒண்ணு கேக்கணும். ஆத்துல யாருக்கு ஜுரம் வந்தாலும் இவர் மணிக்கட்டை விடவே மாட்டார். ஜுரம் திடீர்னு விழுந்தா சந்தோஷப்படாதே, நாடியைப் பாருன்னு எனக்கு ஆயிரம் தரம் சொல்லியிருப்பார். கடைசியா அவர் படுத்திண்டபோதுகூட அதையேதான் சொன்னார். ஏன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டார். உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆக, உங்களுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கே தெரிந்ததோ, எட்டு என்று சொன்னபோது தெரிந்ததோ. டாக்டரின் வார்த்தையை ஓர் எழுத்து பிசகாமல் வைத்துக்கொண்டிருந்தீர்கள். எதுவும் அறியாத அவளுக்கு ஆயிரம் தரம் சொன்னதை எனக்கு ஒரு தரம் சொல்லியிருக்கலாமே! ஒரே ஒரு தரம். நான் மறுபடியும் உங்கள் வீட்டுப் படி ஏறியிருப்பேன். இருவருமாக உட்கார்ந்து அக்காவுக்காக அழுதிருப்போம். அதையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன். அந்த வார்த்தை வரவில்லை.

இன்று காலை என் பெண்ணுக்கு ஜுரம் இறங்கிவிட்டது. நூற்றிரண்டில் இருந்தது, தொண்ணூற்றெட்டரை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சாதாரண ஜுரந்தான், கஞ்சி கொடுக்கலாம் என்று சொல்லிப் போய்விட்டார். என் மனைவி பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட ஆள் அனுப்பியிருக்கிறாள். அடுப்பங்கரையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. குழந்தை கஞ்சி வேண்டாம், இட்லிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். நாடி ஒழுங்காகத்தான் ஓடுகிறது. மூன்று தரம் எண்ணிவிட்டேன்.

"கையை விடுப்பா, வலிக்கறது" என்கிறாள்.

விட முடியவில்லை, அத்திம்பேர்.