சட்டி மூடி பிடித்த பிள்ளை

இன்று காலை பத்து மணிபோல, பியர்பொன்ட்ஸில் நாம் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தைக் கடந்து கார்டரிப் பிள்ளைகள், இன்னும் பள்ளிக்கூடம் போகாத குட்டிகள், போனார்கள். உனக்குத் தெரிந்த அதே நீலக் கயிறு. அதன் இரு பக்கமும் துணி வளையங்கள், வளையத்துக்கு ஒரு பிள்ளை. முன்னால் ஒரு ஆசிரியை, பின்னால் ஒரு ஆசிரியை. குளிர் தொடங்கிவிட்டதால் எல்லாரும் தொப்பியும் கையுறையுமாக உருண்டு திரண்டு போனார்கள். நீ இருந்தபோது அவர்களைப் பார்த்து ஒரு கையசைப்பு, அதோடு என் கவனம் கைபேசிக்குத் திரும்பிவிடும். எண்ணுவது உன்னுடைய வேலை. ஒருநாளும் நீ எண்ணாமல் அவர்களைப் போகவிட்டதில்லை. இன்று நான் எண்ணினேன். பன்னிரண்டு வளையம், பதினொரு பிள்ளைகள்.

பஸ் வந்து கதவைத் திறந்தது. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன்.

புவாண்ட்-கிளேரில் அந்தப் பண்டகசாலையில், ஒரே மேசையில் எட்டு வருடம் நீயும் நானும் உடுப்பு மடித்துப் பெட்டியில் அடுக்கினோம். நீ பத்து மடிக்கிற நேரத்தில் நான் ஆறு மடித்து, மிச்ச நேரத்துக்குக் கதைத்துக்கொண்டிருப்பேன். பின்னேர வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். அதனால் எனக்கு நீ வைத்த பட்டம் பிரெஞ்சுக்காரி. "பிரெஞ்சுக்காரி, இந்தக் கடிதத்தில என்ன கிடக்கு எண்டு பார்" என்று நீ நீட்டாத கடிதாசி இல்லை.

அந்தப் படத்துக்கு உன்னை இழுத்துப் போனதும் நான்தான். பாட்டும் சண்டையும் உள்ள தமிழ்ப் படமாய்ப் பார்க்கலாம் என்று நீ சொன்னாய். நான் கேட்கவில்லை. எங்கோ நல்ல படம் என்று எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, பெரிய இரசிகை மாதிரி உன்னை மெட்ரோவில் ஏற்றினேன். ஏதோ ஒரு நாட்டுக்குள் வேறொரு நாட்டுப் படை நுழைகிறது. தாய் தகப்பனை இழந்த பதினொரு பிள்ளைகள், பெரியவர்கள் யாருமில்லாமல், காடு வழியே எல்லையை நோக்கி நடக்கிறார்கள். எங்களுக்குத் தெரியாத மொழி. கீழே ஓடிய பிரெஞ்சு வரிகளை நான் உன் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் நீ என் தொடையில் தட்டினாய். "வாயை மூடிக்கொண்டு இரு. எனக்கு விளங்குது."

அந்தப் பிள்ளைகளில் ஒன்று ஐந்து வயதுக் குட்டி. கையில் ஒரு அலுமினியச் சட்டி மூடி. அதிலேதான் சாப்பிடும், மழை வந்தால் அதைத்தான் தலைக்குப் பிடிக்கும். கதையில் அதற்குப் பெரிய பங்கு ஒன்றும் இல்லை. நான் அதைக் கவனித்ததே நீ சொன்ன பிறகுதான். பிள்ளைகள் ஆற்றைக் கடந்து மறுகரை ஏறியதும் நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"மூடிப் பிள்ளை எங்கை?"

"பேந்து வரும்."

வரவில்லை. படம் முடியும்வரை வரவில்லை. அதில் யாரும் அந்தப் பிள்ளையைத் தேடவும் இல்லை, பேசவும் இல்லை. கடைசியில் பத்துப் பேர் எல்லையை அடைந்தார்கள், தியேட்டரில் இருந்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். நீ அழவில்லை. "ஒருத்தரும் தேடேல்லையே!" என்று வாய்விட்டுச் சொன்னாய். முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "எடி, படம்தானே. எடுத்தவங்கள் மறந்துபோயிருப்பாங்கள்" என்றேன். அந்த வார்த்தையை இப்போது என்ன செய்தாலும் திருப்பி எடுக்க முடியவில்லை.

நீ கதிரையை விட்டு எழும்பவில்லை. பெயர்கள் ஓடத் தொடங்கின. "வாசி" என்றாய். கூட்டித் துடைக்க வந்த பெடியன் விளக்குமாற்றோடு காத்து நின்றான். பதினொரு பிள்ளைகளின் பெயர்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்தன. எந்தப் பெயர் யாருடையது என்று அதில் இல்லை.

அடுத்த நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் நீ சொன்னாய். எட்டு வருடமாக நான் கேட்காததும் நீ சொல்லாததும். நான் மைக்ரோவேவில் வைத்த சோறு அங்கேயே ஆறிப்போனது.

உனக்குப் பதின்மூன்று வயது. வன்னியில் பெற்றோர் இல்லாத பெண் பிள்ளைகளின் இல்லம். இராணுவம் முன்னேறி வருகிறது, ஷெல் விழுகிறது. பொறுப்பாய் இருந்த அக்கா, வாகனம் பிடித்து வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. மிஞ்சிய ஒன்பது பேரில் நீதான் மூத்தவள். அந்த அக்கா பழக்கியபடியே வரிசை கட்டினாய். ஒவ்வொருத்தியும் முன்னால் போகிறவளின் சட்டைத் தொங்கலைப் பிடிக்கவேண்டும், நீ "எண்ணுங்கோ" என்றால் தன் இலக்கத்தைக் கத்தவேண்டும். அதற்கு முந்தின நாள்தான் யாரோ கொண்டுவந்து விட்ட ஒரு குட்டி ஆறாம் இலக்கம். வந்ததிலிருந்து அது வாய் திறக்கவில்லை, தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. ஆனால் "ஆறு" என்று மட்டும் சொல்லப் பழகியிருந்தது. சனத்தோடு சனமாய் இடுப்பளவு தண்ணீரைக் கடந்து கரையேறி, எண்ணச் சொன்னாய். ஐந்து என்று ஒரு குரல். அடுத்தது ஏழு.

திரும்பிப் பார்த்தபோது வரிசையில் இடைவெளியே இல்லை என்றாய். ஏழாவது பிள்ளை ஐந்தாவதின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. திரும்பி இறங்கினால் மற்ற ஏழு பேரையும் விட்டுவிட்டு இறங்கவேண்டும். நீ இறங்கவில்லை.

பிறகு எத்தனையோ இடத்தில் தேடுவதற்கான படிவம் வாங்கினாயாம். முதல் வரியே காணாமற்போனவரின் பெயர். அந்த வரியை ஒருநாளும் தாண்ட முடியவில்லை.

"அந்தப் படக்காரருக்கு நீ எழுது" என்றாய். "அந்தப் பிள்ளையின்ரை பேர் என்ன, ஏன் விட்டவை எண்டு கேள். படப் பிள்ளைக்கெண்டாலும் ஒரு பேர் இருக்குமெல்லே."

ஓம் என்றேன். எழுதவில்லை.

ஏன் என்று இப்போது யோசித்தால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. என் பிரெஞ்சைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஒரு படத்தில் ஒரு பிள்ளை குறைந்ததற்குக் கடிதமா என்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு மதியமும் நீ கேட்டாய், "பதில் வந்ததோ?" நானும் கூசாமல், "இன்னும் இல்லையடி, அவங்களுக்கு ஆயிரம் வேலை" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். குளிர்காலம் முழுக்க அப்படியே போனது. பங்குனியில் நீ மயங்கி விழுந்தாய். பிறகு ஆஸ்பத்திரி, பிறகு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற பேச்சு.

நான் வந்த ஒரு பின்னேரம், தலையணையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாய்.

"பதில்?"

"வந்தது" என்று வாயில் வந்துவிட்டது. வந்ததோடு நிற்கவும் இல்லை. "அந்தப் பிள்ளைக்குப் படம் எடுக்கேக்கை காய்ச்சலாம். தாய் வந்து வீட்டை கூட்டிக்கொண்டு போயிட்டாவாம். அதுதான் மிச்சப் படத்தில இல்லை. இப்ப நல்லாய்ப் பள்ளிக்கூடம் போகுதாம்."

உன் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். எவ்வளவு நாளைக்குப் பிறகு!

"பேர் என்னவாம்?"

எனக்கு ஒரு பெயரும் வரவில்லை. உலகத்தில் இருக்கிற அத்தனை பெயர்களும் எங்கே போயினவோ தெரியாது. என் பிள்ளைகளின் பெயர்கூட நாக்கில் வரவில்லை. திரைச்சீலையைப் பார்த்தேன், மருந்துக் குழாயைப் பார்த்தேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"நீ எழுதேல்லை, என்ன?"

"ஓம்."

நீ ஏசுவாய் என்று இருந்தேன். ஏசியிருக்கலாம். சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் தள்ளி, "அந்த ஜெலியை நீ சாப்பிடு, எனக்கு இறங்காது" என்றாய். நான் அதைச் சாப்பிட்டேன், வேறு என்ன செய்வது என்று தெரியாமல். வெறும் கிண்ணத்தை வைத்த பிறகு மெல்லச் சொன்னாய்.

"ஏதாவது ஒரு பேரைச் சொல்லியிருக்கலாமேடி. நான் நம்பியிருப்பன்."

வீட்டுக்குப் போய் உடுப்பும் மாற்றாமல் உட்கார்ந்து எழுதினேன். அகராதியை வைத்துக்கொண்டு, படம் எடுத்தவர்களுக்கு ஒரு பக்கம். சட்டி மூடி, ஆறு, மறுகரை என்று எல்லாம் எழுதினேன். மின்னஞ்சலில் அனுப்பியதை உனக்கு வாசித்துக் காட்டியபோது நீ கேட்கும் நிலையில் இல்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டாய்.

இன்று அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால் வேகமாக நடந்து, கடைசியில் போன ஆசிரியையைப் பிடித்தேன். ஒரு பிள்ளை குறைகிறதே என்றேன். அவள் சிரித்தாள். அவனுக்குக் காய்ச்சல் மடாம், வீட்டில் இருக்கிறான் என்றாள். நடுத்தெருவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் பெயர் என்ன என்று கேட்டேன். அவள் சிரிப்பு நின்றது. பிள்ளைகளின் பெயரை வெளியாட்களுக்குச் சொல்ல முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, மற்றவர்களை ஓரமாக அணைத்துக்கொண்டு நடந்தாள். அவள் மேல் பிழை இல்லை. காலியான வளையம் கயிற்றில் ஆடிக்கொண்டே போனது.

அடுத்த பஸ்ஸில் வேலைக்கு வந்தேன். பிந்தியதற்கு ஏச்சு வாங்கினேன். மதியம் வழக்கம்போலச் சோற்றைத் திறக்குமுன் கைபேசியில் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். உன் கதிரையில் இப்போது புதிதாய் வந்த ஒருத்தி இருக்கிறாள், யாருடைய பதிலுக்குப் பார்க்கிறாய் என்று அவள் கேட்பதில்லை. நீதான் கேட்கிறாய், தினமும் அதே நேரத்துக்கு.

இல்லையடி, இன்னும் வரேல்லை. இந்தமுறை பொய் இல்லை.