சின்னவளைக் கேட்டார்கள்

ஆனி 5, வியாழன்

சாரல். துணி எதுவும் காயவில்லை.

டைரி எழுதுகிற அளவுக்கு எனக்கு ஒன்றும் நடப்பதில்லை. அதற்கு முதலில் மன்னிப்பு. ஆனாலும் இந்த நாவலைப் பற்றி எங்கேயாவது சொல்லியாக வேண்டும்.

நூலகத்து நாவல் முடிந்தது. பழைய ஆங்கிலக் கதை. அக்கா, தங்கை. அக்கா எதையும் வெளியே காட்டமாட்டாள். தங்கை எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். எங்கள் வீட்டில் தலைகீழ். கொட்டுவது செல்வி அக்கா. வண்ணார்பேட்டை ஜவுளிக்கடையில் வேலை. அவள் குரல் எல்லா மாடிக்கும் கேட்கும். அடக்கிக்கொள்வது நான். கதையில் அந்த அடக்கக்காரிக்குக் கடைசியில் நல்லபடியாகக் கல்யாணம் ஆனபோது எனக்கே பரிசு கிடைத்த மாதிரி.

அக்காவுக்குக் கதை சொன்னேன். புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டே கேட்டாள்.

"கடைசில ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு."

"பெறவு எதுக்குட்டி இத்தனை பக்கம்?"

அந்தப் புடவை ஞாயிற்றுக்கிழமைக்கு. அவளைப் பெண் பார்க்க அம்பாசமுத்திரத்திலிருந்து வருகிறார்கள்.

ஆனி 8, ஞாயிறு

கேசரி, வடை, பிச்சிப்பூ, இரவல் நாற்காலிகள்.

அம்மா கட்டளை: "அவுக போற வரைக்கும் நீ அடுக்களைய விட்டு வரப்பிடாது." மூத்தவளைப் பார்க்க வரும்போது இளையவள் கண்ணில் படக்கூடாதாம். எனக்கு அது சௌகரியம்தான். வடைப் பாத்திரம் பக்கத்தில்.

பாதி வடையில் அக்காவின் குரல்: "ஏட்டி, இங்கன வா!" கையைப் பிடித்து இழுத்துக் கூடத்தில் நிறுத்திவிட்டாள். "என் தங்கச்சி. எங்க குடும்பத்துல மொத டிகிரி இவதான்."

சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் தரையைப் பார்த்தேன். ஏதோ கேட்டார்கள். வாயில் வடை. தலையை மட்டும் ஆட்டினேன்.

ஆனி 9, திங்கள்

தரகர் அண்ணாச்சி போன். ஸ்பீக்கரில் போட்டார் அப்பா.

"மூத்தவளுக்கு வாய் கொஞ்சம் கூடுதலாம். சின்னவ அடக்கமா இருக்கா, அவளைக் குடுப்பீயளான்னு கேக்காக."

வடை செய்த வேலை.

அம்மா அழுகை. அப்பா: "நல்ல இடம்தான்... யோசிப்போம்." அக்கா சீப்புக்குக்கூடச் சண்டை போடாமல் கடைக்குப் போனாள்.

வாயை மூடியிருந்ததற்குப் பரிசாகக் கல்யாணம். நாவலில் படித்தபோது எவ்வளவு நன்றாக இருந்தது!

ஆனி 11, புதன்

நல்ல வெயில். பதில் கேட்டுத் தரகர் நேரிலேயே வந்துவிட்டார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். இவள் என்ன மறுத்தா பேசப்போகிறாள் என்கிற பார்வை.

"எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. எங்க அக்காவைப் பாக்க வந்துட்டு என்னையக் கேட்டது தப்பு. அவுககிட்ட இப்படியே சொல்லுங்க."

என் குரல்தானா? பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

தரகர்: "எம்மா! இந்தப் பிள்ளையவா அடக்கம்னாக?"

உள்ளேயிருந்து அக்கா: "அண்ணாச்சி, அது எங்கிட்டப் படிச்சது!"

திங்கட்கிழமையிலிருந்து கேட்காத சத்தம். கூடவே சிரிப்பு. "அந்த மாப்பிள்ளை மீசையே எனக்குப் பிடிக்கல" என்பதும்.

தரகர் காபியைத் தொடாமல் போனார். நான் குடித்தேன். கால்மேல் கால் போட்டுக்கொண்டு.

அப்பா: "சத்தம் நல்லாத்தான் வருது ஒனக்கு." கோபம் இல்லை. மீசைக்குள் சிரிப்பு மாதிரி ஏதோ.

ரிசல்ட் வந்த நாளிலிருந்து கேட்காமல் வைத்திருந்ததையும் கேட்டுவிட்டேன்.

"எப்பா, என்னைய எம்.ஏ.வுக்குச் சேத்து விடுதீயளா?"