அமெரிக்க மெஷின் எண்ணிய என் பேச்சு

14-3-1966, திங்கள்

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர் நாச்சிமுத்துவைக் கேட்காமல் கொடைக்கானல் மேகம்கூடக் கீழே இறங்காது. அப்பேர்ப்பட்ட எனக்கு இன்று அமெரிக்காவிலிருந்து கடிதம்!

தங்கை சண்முகவள்ளியின் மகன் சுருளிவேல் அங்கே மனசைப் பற்றிப் படிக்கிறான். ஒரு ஆள் எழுதியதைக் கம்ப்யூட்டர் என்ற மெஷினுக்குக் கொடுத்தால், அவன் தன்னை எவ்வளவு புரிந்து வைத்திருக்கிறான் என்று அது சொல்லுமாம். 'மனசு கலங்கிய ஒரு நாளை எழுதி அனுப்புங்கள் மாமா. இங்கிலீஷில் மாற்றிக் கொடுக்கிறேன்' என்கிறான். எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவனை அமெரிக்கா கேட்கிறது.

என் வீட்டுக்காரி முத்துப்பேச்சி சொல்கிறாள்: "அம்புட்டுப் பொய்யையும் அந்த மெஷினு தாங்குமா?"

20-3-1966

எழுதிவிட்டேன். பதினொரு பக்கம். நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்த பொன்னழகு கல்யாணம். பொன்னழகு சுருளியின் அக்காள். தாய்மாமன் நான் மாலையோடு கிளம்பியதும், வழியில் பஸ் டயர் வெடித்ததும், நாற்பது பேரோடு நான் பஸ்ஸைத் தள்ளியதும், தாடிக்கொம்பு போய்ச் சேர்வதற்குள் தாலி கட்டி முடிந்ததும். அன்றிலிருந்து வள்ளி என்னோடு பேசுவதில்லை.

டயர் மூன்றாம் பக்கத்தில் வெடித்தது. ஏழாம் பக்கத்தில் இன்னொன்றையும் வெடிக்க வைத்தேன். வாசிக்கிற மெஷினுக்கும் ஒரு சுவை வேண்டாமா?

2-6-1966

பதில் இல்லை. பொன்னழகு மகளுக்கு ஆவணியில் காதுகுத்தாம். மடியில் வைக்க வேண்டிய மாமன் சுருளி அமெரிக்காவில். அப்படியானால் என் மடிதானே? ஒரு தகவலும் இல்லை.

19-7-1966

பதில் வந்தது. மார்க்கே போடவில்லை!

'நான்' நூற்றுப் பதினான்கு தடவை. 'பஸ்' எழுபத்தொன்று. 'ஏன்', 'ஒருவேளை', 'வருந்தினேன்': ஒன்றுகூட இல்லை. 'தங்கை' ஒரே தடவை.

பஸ்ஸை எண்ணினால் என் மனசு எப்படித் தெரியும்? ஒருவேளை டயர் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டதா? 'மெஷினுக்குப் பொய்யும் மெய்யும் தெரியாது மாமா. சொல்லை எண்ணும், அவ்வளவுதான். தன்னையே கேட்டுப் பார்க்கிறவர்கள் இந்தச் சொற்களை அதிகம் எழுதுவார்கள் என்பது எங்கள் கணிப்பு. அதுவும் தப்பாக இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறான். தப்பாக இருக்கலாமாம்! அப்புறம் எதற்கு இந்த மெஷின்?

20-7-1966

ஏன்? ஒருவேளை. வருந்தினேன். எழுதியாகிவிட்டது. போதுமா?

23-7-1966

போதவில்லை.

டயர் வெடிக்கவே இல்லை. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாய்மாமனை நேரில் வந்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டாமா? வள்ளி தபாலில் பத்திரிகை அனுப்பியிருந்தாள். ஆள் வரும், ஆள் வரும் என்று மூணு பஸ்ஸை விட்டேன். தினமும் நானே நேரம் குறித்து அனுப்புகிற பஸ்கள். நாலாவதில் போய் டயர் கதையைச் சொன்னேன்.

கோபமா? கோபம் மாதிரி... என்னமோ ஒண்ணு. வள்ளி புருசன் இல்லாதவள். சுருளி அப்போது மெட்ராஸில். அழைக்க யாரை அனுப்பியிருப்பாள் அவள்? நாலு வருஷமா இது ஏன் எனக்குத் தோணவே இல்ல?

4-9-1966, ஞாயிறு

காதுகுத்து. யாரும் அழைக்கவில்லை. முதல் பஸ்ஸில் நானும் முத்துப்பேச்சியும் மாலையும் சீர்த்தட்டுமாகத் தாடிக்கொம்பு போனோம்.

வாசலில் வள்ளி. நாலு வருஷத்தில் முதல் பேச்சு: "இன்னைக்கு டயரு வெடிக்கலையாக்கும்?"

"அன்னைக்கும் வெடிக்கல தாயி. யாராச்சும் வந்து கூப்புடுவீகன்னு டீக்கடையிலயே உக்காந்துட்டேன்."

முத்துப்பேச்சி கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். "தெரியும். நீ டயரு வெடிச்சதாச் சொன்ன பஸ்சுலதான் மாப்பிள்ளையோட சித்தப்பா நேரத்துக்கு வந்து எறங்குனாரு."

"பெறகு ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். உள்ள வாண்ணே. புள்ள அழுவுறா."

மடியில் வைத்ததும் பிள்ளை போட்ட கத்தல் திண்டுக்கல் மலைக்கோட்டை வரை கேட்டது. ஆயிரம் பேர் பார்த்தார்கள்.

இல்லை. முப்பது பேர் இருக்கும். பிள்ளை சட்டென்று அடங்கிவிட்டது. நான்தான் வெகுநேரம் மடியைவிட்டு இறக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.