மழைக்குழாய்க்குள் நல்லபாம்பு

செப்டம்பர் 29, 2024

இன்று முதல் இந்த நோட்டில் நான் எழுதப்போகும் சரித்திரத்தைக் கோவில்பட்டியில் ஒருத்தரும் நம்பப்போவதில்லை. தலைக்கு மேல் காயும் சூரியன்மேல் ஆணை.

மொட்டைமாடி மழைக்குழாய் வேப்பிலையால் அடைத்துவிட்டது. சாதாரண அடைப்பா? மூன்று யானை கட்டி இழுத்தாலும் வராது. கீழ்வீட்டில் குடியிருக்கும் என் தங்கை மகள் பொன்மணியின் புருஷன் மணிகண்டபிரபு, கம்பியோடு ஏறி வந்தான். போன மாதம் காதுகுத்து வீட்டுப் பந்தியில், "மாமா சொல்லுததுல பாதியக் கழிச்சிரணும், மீதிய நம்பாம விட்டுரணும்" என்று என்னைச் சந்தி சிரிக்க வைத்த அதே வாய்.

"குத்திராதீங்க மாப்ளே. உள்ள நல்லபாம்பு கிடக்கு. படம் என் குடை அகலம்" என்றேன்.

அவன் குலதெய்வம் நாகம்மாள். கம்பியைப் போட்டுவிட்டுக் கும்பிட்டான். கம்பியை நான் பத்திரப்படுத்தினேன்.

அக்டோபர் 2

குழாய் வாயில் மஞ்சள், குங்குமம், ஒரு கிண்ணம் பால். பொன்மணி வேலை. பாலைக் காக்கா குடித்தது. பாம்பு குடித்ததாக நான் சாட்சி சொன்னேன்.

அக்டோபர் 9

கீழே முன்னறை முழுக்கக் காலித் தீப்பெட்டிக் கூடுகள். ஒரு தீப்பெட்டி ஆபீஸுக்கு அட்டைக் கூடு ஒட்டிக் கொடுக்க மாப்பிள்ளை சொந்தமாக எடுத்த முதல் ஆர்டர். இது நல்லபடி முடிந்தால் இனி அடுத்தவரிடம் கைகட்டி நிற்க வேண்டாம் என்றாள் பொன்மணி.

கிழக்கே மேகம். பாம்பு பொய் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் சிரிப்பான். சிரிக்க விடுவேனா?

அக்டோபர் 16

மழை.

அக்டோபர் 17

நேற்று குற்றாலமே கோபித்துக்கொண்டு எங்கள் மாடிக்குக் குடிவந்தது. மாடியில் கடல். தூத்துக்குடிக் கப்பல் இரண்டு என்னிடம் வழி கேட்டன.

என் மாடி அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை வந்து, மாமா நீங்கதான் காப்பாத்தணும் என்று ஒரு வார்த்தை — ஒரே வார்த்தை — கேட்கட்டுமே. வரவில்லை. கீழே கூடுகளைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தானாம். தண்ணீர் படியிறங்கி அவன் வீட்டுக்குள் போனது.

பொன்மணிதான் ஏறி வந்தாள். வெறுங்கையைக் குழாய்க்குள் முழங்கை வரை விட்டாள். கொத்தினால் கொத்தட்டும் என்றுதானே விட்டாள்? அள்ளி அள்ளிப் போட்டாள். வேப்பிலை. வேப்பிலை மட்டும்.

"பாம்பு எங்கன மாமா?"

"எறங்கிப் போயிருக்கும்ட்டி."

என்னையே பார்த்தாள். நான் மேகத்தைப் பார்த்தேன்.

நவம்பர் 3

கூடுகள் கூழாகிவிட்டன. ஆர்டர் போயிற்று. மாப்பிள்ளை கயத்தாறு ஊருக்கு மூட்டை தூக்கப் போகிறான். பந்தியில் பேசிய வாய் இப்போது திறப்பதே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன். பக்கத்தில் எப்போதும்வென்றான் என்றே ஒரு ஊர் உண்டு; அந்த ஊரே திரண்டு வந்து எனக்கு மாலை போடலாம்.

நவம்பர் 24

ஞாயிறுதோறும் குழாயைப் பொன்மணிதான் சுத்தம் செய்கிறாள். வாரிய இலையை ஒரு சட்டியில் போட்டு என் வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். இன்றும் வைத்திருக்கிறாள்.

யானை, கடல், கப்பல் எல்லாம் நான் ஊதியவை. மாப்பிள்ளை சொன்னபடி பாதியைக் கழித்து, மீதியையும் விட்டுப் பார்த்தேன். சின்னதாக ஒரு உண்மை மிஞ்சுகிறது. மழை பெய்த அன்று, மாப்பிள்ளை போட்டுவிட்டுப் போன அந்தக் கம்பி என் நாற்காலிக்கு அடியில்தான் கிடந்தது.