இரண்டு சுற்றறிக்கைகள்

மணவாள நகர்,
4 செப்டம்பர் 2006

தமீம்,

உன் நலத்தை உன் தங்கை ஜுவைரியாவே சொல்லிவிட்டாள். பழவேற்காட்டிலிருந்து பேசினாள். தில்லிச் சாப்பாடு இன்னும் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். இருபது வருடமாக ஒத்துக்கொள்ளாததை எப்படித்தான் சாப்பிடுகிறாயோ.

நேற்று கும்மிடிப்பூண்டியில் கட்சிக் கிளைக் கூட்டம். கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறேன் என்பதால், வெளியுறவு என்றால் என்னைத்தான் பேச நிறுத்துகிறார்கள். வெளிநாட்டுப் போர்க்கப்பல்கள் நம் கரையில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள வழிசெய்யும் ஒப்பந்தம் பற்றிச் சொன்னேன். அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவு தரும் நம் கட்சி, அமைச்சர்களோடு குழு அமைத்துப் பேசிவருகிறது என்றேன்.

உருக்காலை முனுசாமி எழுந்தார். "இன்னா மேடம், நம்மாளுங்க பேசிக்கினே இருந்தா அவன் கப்பலு வந்து நின்னுக்கும்ல?"

மீன் கம்பெனியில் வேலை செய்யும் பூவம்மாள், "கப்பலு நிக்கிற எடத்துல எங்க ஊட்டுக்காரரு போட்டை வுடுவாங்களா?" என்றாள்.

கிளைகளைக் கேட்காமல் கட்சி ஒப்புக்கொள்ளாது என்று சொல்லிவிட்டேன். அந்தக் குழுவில் குறிப்பெடுப்பவன் நீ என்ற தைரியத்தில் சொன்னது. சரிதானே?

ஈஸ்வரி

புது தில்லி,
15 செப்டம்பர் 2006

அன்புள்ள ஈஸ்வரி,

சரிதான். ஐந்தாவது கூட்டமும் முடிந்தது. அமைச்சர்கள் மூவர், நம் பக்கம் நால்வர். முந்திரி பிஸ்கட் தட்டை நம் பக்கம் நகர்த்தும்போதெல்லாம் ஒரு வாசகத்தையும் நகர்த்திவிடுகிறார்கள். 'எரிபொருள்' என்று இருந்தது இப்போது 'வசதிகள்' ஆகியிருக்கிறது. ஆனாலும் நம்மவர்கள் உறுதியாக இருக்கிறார்கள். என்னை நம்பு.

ஒரு வேலை தருகிறேன், முகம் சுளிக்காதே. கடைசிக் கூட்டம் 28ஆம் தேதி. முடிவு எதுவானாலும் மறுநாளே கிளைகளில் வாசிக்க வேண்டும். எனவே வழக்கம்போல் இரண்டு சுற்றறிக்கைகள் முன்கூட்டியே தயார்: பேச்சு முறிந்தால் ஒன்று, உடன்பாடு வந்தால் ஒன்று. இத்துடன் இருக்கும் ஆங்கிலப் படிகள் இரண்டையும் தமிழாக்கித் தா. பயன்படாததைக் கிழித்துவிடுவோம். யாரிடமும் காட்டாதே. காட்டினால் உன் உறுப்பினர் அட்டையும் போகும், என் நாற்காலியும் போகும்.

தமீம்

மணவாள நகர்,
19 செப்டம்பர் 2006

தமீம்,

'முறிந்தால்' அறிக்கை அரைப் பக்கம். 'உடன்பட்டால்' அறிக்கை ஆறு பக்கம். அதில் அமைச்சர்களின் பொறுமைக்குப் பாராட்டுகூட இருக்கிறது. இருபத்து நான்கு வருடமாக விடைத்தாள் திருத்துகிறேன். எந்தக் கேள்வியை எதிர்பார்த்துப் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஆறு பக்கத்தின் ஓரத்தில் உன் பென்சில் எழுத்து: 'ஈஸ்வரி, இதை முதலில் முடி.'

இன்னும் நடக்காத கூட்டத்தில் முடிவு எடுத்தாகிவிட்டதா? ஒரு வரி எழுது, போதும். இரண்டு நாளாக ஒரு வேலையிலும் மனம் நிற்கவில்லை. வகுப்பில் ஒரே பாடத்தை இரண்டு முறை நடத்தினேன்.

ஈஸ்வரி

புது தில்லி,
22 செப்டம்பர் 2006

அன்புள்ள ஈஸ்வரி,

நீ எப்போதுமே இப்படித்தான். எல்லாவற்றையும் கடிதத்தில் எழுத முடியாது. இந்த அரசு கவிழ்ந்தால் வரப்போவது யார் என்று யோசித்துப் பார். பெருநாள் முடிந்ததும் ஜுவைரியா மகளுக்கு நிக்காஹ். அப்போது வருவேன், உட்கார்ந்து பேசலாம். மொழிபெயர்ப்பு 27க்குள் வந்துவிட வேண்டும்.

தமீம்

பி.கு.: நேரம் இல்லையென்றால் அந்த அரைப் பக்கத்தை விட்டுவிடு, பரவாயில்லை.

மணவாள நகர்,
27 செப்டம்பர் 2006

தமீம்,

மொழிபெயர்ப்பு வராது. நீங்கள் கேட்காமல் விட்ட கிளையிலேயே அதை வாய்மொழியாகச் செய்துவிட்டேன். நேற்று ஷிப்ட் முடிந்ததும் கும்மிடிப்பூண்டி கிளையைக் கூட்டச் சொல்லி, இரண்டு அறிக்கைகளையும் மேஜையில் வைத்துத் தமிழில் படித்துக் காட்டினேன்.

முனுசாமி ஆறு பக்கத்தையும் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "தாலியே செஞ்சி வச்சிக்கினு, பொண்ணுக்குப் புடிச்சிகீதான்னு கேக்க வந்துகிறாங்க!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பூவம்மாள் சிரிக்கவில்லை.

"அப்ப நீங்க போன வாட்டி சொன்னது பொய்யா மேடம்?"

"தெரியாமல் சொன்னேன்" என்றேன். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்கும்தான்.

பதினேழு பேர் கையெழுத்திட்ட ஆட்சேபம் இன்று மாநிலக் குழுவுக்குப் போகிறது. அதனால் நாளை ஒப்பந்தம் நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை. கிளையைக் கேட்டுத்தான் முடிவெடுத்தோம் என்று மட்டும் இனி யாரும் எழுத முடியாது. என் உறுப்பினர் அட்டையையும் கூடவே வைத்துவிட்டேன். அவர்கள் கேட்டு வாங்கும் சிரமம் வேண்டாம்.

அறிக்கைகள் யார் கொடுத்தது என்று கேட்டார்கள். சொல்லவில்லை. மேஜையில் வைப்பதற்கு முன்பே உன் பென்சில் எழுத்து இருந்த ஓரத்தைக் கத்தரித்துவிட்டேன். அந்தத் துண்டு இதற்குள் இருக்கிறது. உன் நாற்காலி உன்னிடமே இருக்கட்டும்.

நிக்காஹுக்கு வருவதாக ஜுவைரியாவிடம் சொல்லியிருக்கிறேன். பெண்களுக்குப் பந்தி தனியாம். நீயும் நானும் எதிரெதிரே உட்கார வேண்டியிருக்காது.

ஈஸ்வரி