'செக்காலி' என்று நான் எழுதிய சொல்

இன்று காலை எதிர்வீட்டில் வாட்டர் ஜெட் போட்டுக் கார் நிறுத்தும் இடத்தைக் கழுவினார்கள். நனைந்த சிமெண்டும் பாசியும் பெட்ரோல் புகையும் கலந்த வாசனை என் வீட்டுக்குள் வந்தது. உன் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை. ஜன்னலைச் சாத்தினேன், போகவில்லை. அதனால் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியதை எழுதுகிறேன்.

ரப்பர் தோட்டத்தை விற்று வீடமைப்பு நிலமாக்கியபோது, பால்மரம் வெட்டிப் பால் எடுத்த நீயும் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த நானும் ஒரே லோரியில் சாமான் ஏற்றி ஈப்போவுக்கு வந்தோம். பிற்காலத்தில் நீ வீடு வீடாகப் புல் வெட்டும் தொழில் வைத்தாய். வாடிக்கையாளருக்கு விலை எழுதிக் கொடுப்பது மட்டும் என் வேலை. "கிராணி, நீயே எழுது. என் கையெழுத்தப் பாத்தா கோழி கிளறுன மாதிரி இருக்கு, எவன் வேல குடுப்பான்?" என்பாய்.

பழைய வாட்டர் ஜெட் ஒன்றை நீ வாங்கிய வாரம், அதற்கு என்ன விலை சொல்வது என்று இருவரும் குழம்பினோம். "புல்லு வெட்டப் போறோம், லோரி அங்கதான் நிக்கிது. கழுவறதுக்குத் தனியா நெறைய கேட்டா வேணாம்பான் லா" என்றாய். நான் கடிகாரத்தோடு உன் பின்னால் வந்தேன். ஒரே அளவுள்ள இரண்டு தரைகள். தூசி படிந்தது அரை மணி நேரத்தில் முடிந்தது, கரும்பாசி பிடித்ததற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பரப்பளவுக்கு விலை போடாதே, பாசிக்குப் போடு என்றேன். குழாயை எடுத்துவிட உன்னோடு இன்னொரு ஆள் நிற்பதற்கான கூலியையும் சேர்க்கச் சொன்னேன். நீ வயிறு குலுங்கச் சிரித்தாய். "பாசிக்கு வெல போட்ட மொத ஆளு நீதான் மச்சான்!"

அதுவரை நான் சரியாகத்தான் செய்திருந்தேன்.

பிறகு பன்னிரண்டு வரிசை வீடுகளை வாடகைக்கு விட்டிருந்த அந்தச் சீன முதலாளி, தவுக்கே, வந்தார். மாதாமாதம் புல் வெட்ட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை தரையையும் பின்சந்துகளையும் கழுவித் தருவதாக நீ சொன்னாய். கழுவும் விலையைத் தனியாக எழுதினால் தொகை பெரிதாகத் தெரியும், அவர் மறுத்துவிடுவார் என்று எனக்குப் பயம். நான் எப்போதும் மறுப்புக்குப் பயந்தவன். அதைப் பன்னிரண்டு மாதத்துக்கு வகுத்து மாதத் தொகையோடு கலந்துவிட்டேன். பக்கத்தில் மலாயில் 'சுச்சி செக்காலி' என்று எழுதினேன். ஒருமுறை கழுவுதல் என்று பொருள் கொண்டேன். வருடத்துக்கு என்ற சொல்லைச் சேர்க்கவில்லை. செக்காலி என்றால் 'அதோடு சேர்த்து' என்றும் பொருள். கடைத்தெருவில் நாமே தினமும் அப்படித்தான் சொல்கிறோம்.

இரண்டாம் மாதம் தவுக்கே காகிதத்தைத் தட்டி, "செக்காலி, செக்காலி" என்றாராம். புல் வெட்டும்போதெல்லாம் கழுவ வேண்டும் என்று அவர் படித்திருந்தார். நீ காகிதத்தை என்னிடம் கொண்டுவந்தாய்.

"என்னா கிராணி, இப்படியா இருக்கு?"

பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. "அப்படியும் படிக்கலாம்" என்றேன். நான் எழுதியது பிழை என்று சொல்லவில்லை.

"அப்ப நாந்தான் ஒங்கிட்ட சரியாச் சொல்லல போலிருக்கு. எழுதிக் குடுத்தாச்சு, செஞ்சிருவோம். ஒரு வருஷந்தானே?"

அந்த விலையில் இன்னொரு ஆளுக்குக் கூலி தர முடியவில்லை. அவனை அனுப்பிவிட்டுத் தனியாகப் போனாய். ஏழாவது மாதம், மழைக்காலம். பின்சந்தில் குழாய் ஒரு மூலையில் மாட்டிக்கொண்டது. எடுத்துவிட ஆளில்லை. நீயே பின்னால் நடந்து வெடுக்கென்று இழுத்தாய். காலடியில் பாசி. சாக்கடைக்குள் விழுந்தாய், இடுப்பெலும்பு முறிந்தது. படுக்கையிலேயே சளி நெஞ்சில் கட்டி, பதினோரு வாரத்தில் போய்விட்டாய்.

ஆஸ்பத்திரியில் ஒரு மாலை. உன் மனைவி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணே, அந்தக் காயிதத்துல அப்படி எழுதச் சொன்னது இவருதானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "நாந்தான் சொன்னேன். கிராணி தப்பா எழுதுவானா லா?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். நான் வெந்நீர்க் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

போன மாதம் உன் திதி. இந்த முறை சொல்லிவிடுவது என்று, சொல்ல வேண்டியதை நான்கு வரியாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். வந்தவர்களிடம் உன் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள்: "இவருக்குப் படிப்பு இல்ல, வெவரம் சொல்லத் தெரியல. அதான் இப்படி ஆச்சு." பிறகு என்னைப் பார்த்து, "ஒக்காருங்கண்ணே, எல சாப்பாடு ஆறிப் போவுது" என்றாள்.

உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். கேட்டு இரண்டாம் முறை சோறும் போட்டுக்கொண்டேன்.

என்னை நம்பித்தான் அப்படிச் சொன்னாயா, தெரிந்துகொண்டே என்னைக் காப்பாற்றினாயா? நம்பியிருந்தால் ஏமாந்துபோய்ச் செத்தாய். தெரிந்திருந்தால், நான் எத்தகையவன் என்பதும் உனக்குத் தெரிந்திருந்தது. எது என்று எனக்குத் தெரியவில்லை. ஊர் உன்னைப் படிக்காதவன் என்கிறது, நான் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.