அவருக்கென்று அறை இல்லை

பிப்ரவரி 4

என் அருமைக் கணக்கம்மாவுக்கு,

நலம். நீ சாமியிடம் தினமும் போடுகிற மனுவில் என் முட்டிவலியையும் சேர்த்திருப்பாய் போல, இப்போது தேவலை. லிப்டுக்குள் தலைகீழாகத் தொங்குகிற வேலையை இளவட்டங்களுக்குக் கொடுத்துவிட்டு, கீழே நின்று சத்தம் மட்டும் போடுகிறேன். அதற்குப் பெயர் மேற்பார்வை.

இத்துடன் ஒரு பத்திரம் இருக்கிறது. பயப்படாதே. நம் ஊர் வரி அலுவலகம், “வரிக்கணக்கில் நீர் எந்த நாட்டில் குடியிருப்பவர்?” என்று கேட்டு எழுதியிருக்கிறது. ஊரில் தங்குகிற நாள் குறைவு என்று நான் நிம்மதியாக இருந்தேன். ஆடிட்டர் சொல்கிறார், நாள் மட்டும் போதாதாம். நிரந்தர வீடு எங்கே, பெண்டாட்டி பிள்ளை எங்கே என்றும் பார்ப்பார்களாம். என் வீடு அங்கேதான் என்று முடிவு கட்டிவிட்டால், இங்கே வெளிநாட்டில் நான் சம்பாதித்ததற்கு நாலு வருட வரியை அங்கே கட்ட வேண்டும். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிப்ட் மாதிரி இருக்கிறேன். எந்தப் பக்கமும் கதவு திறக்கவில்லை.

பத்திரத்தில் மூன்றே வாக்கியம். இந்த வீட்டில் என் கணவருக்கென்று அறையோ சாவியோ இல்லை. அவருடைய உடைமைகள் இங்கே இல்லை. நாங்கள் சேர்ந்து குடும்பம் நடத்தவில்லை. நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. எல்லாம் சும்மா, பேப்பருக்குத்தான்.

உன்,
பாப்பா அப்பா


பிப்ரவரி 20

பாப்பா அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நானும் பாப்பாவும் சுகம். போனில் சொன்னால் ‘ம்’ கொட்டிவிட்டு மறந்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

பத்திரத்தைச் சாமி படத்தின் முன்னால் வைத்துப் படித்தேன். மறுபடி எடுத்து உறையில் போட்டுவிட்டேன். கையெழுத்துப் போட மாட்டேன்.

ஒரு வாரம் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அந்த வரி விதிகளைப் படித்தேன். எழுதியவர் குடும்பஸ்தராக இருக்க வேண்டும். நாளை எண்ணிவிட்டுப் போய்விடவில்லை. ‘உன் வீடு எது? உன் மனுஷர்கள் எங்கே?’ என்று கேட்கிறார். இத்தனை வருடமாக நான் உங்களிடம் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வியை முன்பின் தெரியாத ஒருவர் கேட்டுவிட்டார். அவருக்குப் பொய் சொல்லச் சொல்கிறீர்கள்.

உங்கள் அறை அப்படியே இருக்கிறது. நீங்கள் வருவதற்கு முந்தின நாள் புதுப் பல்துலக்கி வாங்கி வைக்கிறேன். சவரக் கண்ணாடியை உங்கள் உயரத்துக்கு ஆணியடித்தீர்கள், அதில் எனக்கு என் நெற்றி மட்டும்தான் தெரியும். நெற்றியைப் பார்த்தே தலைவாரிப் பழகிவிட்டேன். இதெல்லாம் இல்லை என்று எப்படி எழுதுவேன்?

பாப்பா பத்திரத்தைப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, அப்பாவை நீயே வீட்டை விட்டுத் துரத்தின மாதிரி எழுதியிருக்கு?” என்றாள். “துரத்தச் சொல்லி அவர்தான்டி எழுதிக் குடுத்திருக்கார்” என்றேன். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வழி இருக்கிறது. கணக்குப் பார்த்துவிட்டேன். நாம் வாங்கிப் போட்ட காலி மனையை விற்றால் நாலு வருட வரியும் அடைபடும். மிச்சத்தில் கடையோ பட்டறையோ வைக்கலாம். பாப்பா பள்ளிக்கூடம் முடித்ததும் வந்துவிடுகிறேன் என்றீர்கள். அவள் இப்போது வேலைக்கே போகிறாள். வரியைக் கட்டிவிட்டு நிமிர்ந்து வீட்டுக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
பாப்பா அம்மா


மார்ச் 9

கணக்கம்மாவுக்கு,

நீ என்ன அரிச்சந்திரன் வீட்டுப் பெண்ணா? இங்கே எங்கள் கட்டடத்தில் ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்துகிற கண்ணாடிக்காரரின் மனைவி, இதே மாதிரிப் பேப்பரைப் படிக்கக்கூட இல்லையாம். “எங்க போடணும்?” என்று மட்டும் கேட்டுப் போட்டுக் கொடுத்தாராம். அவர்கள் குடும்பம் என்ன குடிமுழுகியா போய்விட்டது?

மனையை விற்பதாம், பட்டறை வைப்பதாம்! அந்த மனை என் வியர்வை. நீ உட்கார்ந்து கணக்கு எழுதுகிற வீடும் என் வியர்வைதான். ஒரு கையெழுத்தில் உன் சாமி கோபித்துக்கொள்வார் என்றால், அவருக்கு நான் வந்து சமாதானம் சொல்கிறேன்.

ஊருக்கு வருவதைப் பற்றி அடுத்த ஒப்பந்தம் முடியட்டும், பேசலாம். இப்போது கையெழுத்து வரவில்லையென்றால் இந்த வருட விடுப்புக்கும் வரமாட்டேன். வந்து தங்கினால் நானே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னதாகிவிடும்.

யோசித்து நட.

பாப்பா அப்பா


ஏப்ரல் 2

பாப்பா அப்பாவுக்கு,

வணக்கம். யோசித்து நடக்கச் சொன்னீர்கள். யோசித்தேன், நடந்தேன். கையெழுத்துப் போட்ட பத்திரம் இத்துடன் இருக்கிறது.

பொய்யில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுதான் சொன்னேன். அதனால் முதலில் பத்திரத்தை உண்மையாக்கினேன்.

உங்கள் அறையை வாடகைக்கு விட்டுவிட்டேன். தெருமுனை மருத்துவமனையில் வேலை பார்க்கிற நர்ஸம்மா வந்திருக்கிறார். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, “இதுக்கு முன்னாடி இந்த ரூம்ல யாரு இருந்தாங்கக்கா?” என்றார். “யாரும் இருந்ததில்லம்மா. ஒருத்தருக்காக வெச்சிருந்தோம்” என்றேன். வாசல் பூட்டையும் மாற்றியாயிற்று. உங்களிடம் இருக்கிற சாவி இனி எந்தக் கதவையும் திறக்காது.

சட்டை, செருப்பு, ஸ்பானர் பெட்டி எல்லாம் உங்கள் தம்பி வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. “அண்ணி, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்று இழுத்தார். “உங்க அண்ணன் எழுத்துலயே கேட்டிருக்கார் தம்பி” என்று பத்திரத்தைக் காட்டினேன். அதன்பிறகு அவரே பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்.

கண்ணாடியை மட்டும் கொடுக்கவில்லை. ஆணியைப் பிடுங்கி என் உயரத்துக்கு இறக்கி மாட்டினேன். முழு முகமும் தெரிகிறது. காதோரம் நரைத்திருக்கிறது. எப்போது நரைத்தது என்று தெரியவில்லை.

மூன்றாவது வாக்கியத்துக்கு என்ன செய்வது என்றுதான் ரொம்ப நேரம் சாமி முன்னால் உட்கார்ந்திருந்தேன். சேர்ந்து குடும்பம் நடத்தவில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது, மேல்கூரை ஒழுகியபோது, என் அம்மா போனபோது, ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அந்த வாக்கியத்துக்கு நான் எதுவுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. அது ஏற்கெனவே உண்மையாகத்தான் இருந்தது.

நோட்டரி மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, “ஏம்மா, படிச்சுப் பாத்துட்டுத்தான் போடறீங்களா?” என்றார்.

“படிச்சு, செஞ்சு முடிச்சுட்டுத்தான் போடறேன் சார்” என்றேன்.

வீடு உங்கள் வியர்வை என்றீர்கள். மறுக்கவில்லை. நர்ஸம்மா தருகிற வாடகையை உங்கள் பெயரிலேயே வங்கியில் போட்டுவிடுகிறேன். அதற்கும் வரி உண்டு, ஆடிட்டரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


ஏப்ரல் 18

என் கணக்கம்மா,

உறையைப் பிரித்ததும் கையெழுத்தைப் பார்த்து, ‘வழிக்கு வந்துவிட்டாள்’ என்று கண்ணாடிக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். அப்புறம்தான் கடிதத்தைப் படித்தேன். அவர், “என்னய்யா, ஊர்ல யாருக்காவது ஏதாவதா?” என்று தோளைப் பிடித்தார்.

ஆடிட்டர் இரண்டு முறை கேட்டுவிட்டார். இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்தால் ஜெயித்துவிடுவேன். அதுதான் பயமாக இருக்கிறது. நான் பேப்பருக்கு என்றுதானே சொன்னேன், நீ ஏன் வீட்டுக்குச் செய்தாய்?

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் வருகிறேன். நர்ஸம்மாவைக் காலி செய்யச் சொல். சட்டைகளைத் திரும்ப வாங்கி வை. அந்தக் கண்ணாடியையும் பழைய இடத்தில் மாட்டு.

உன்,
பாப்பா அப்பா


மே 3

பாப்பா அப்பாவுக்கு,

வணக்கம். நீங்கள் சுகமாக வந்து சேர வேண்டிக்கொள்கிறேன். அதில் மாற்றமில்லை.

நர்ஸம்மாவைக் காலி செய்யச் சொல்ல முடியாது. ஒரு வருடத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாக்குக் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டே போகிற பழக்கம் எனக்கு இல்லை. கண்ணாடி இறங்கியது இறங்கியதுதான். உங்களுக்கு வேண்டுமானால் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். சட்டைகளை உங்கள் தம்பியிடம் நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விருந்தாளியாக வந்தால் முன் அறையில் பாய் உண்டு, வேளைக்குச் சாப்பாடு உண்டு. வாசலில் மணி இருக்கிறது, அடியுங்கள்.

விருந்தாளியாக அல்ல என்றால், பத்திரத்தைக் கிழித்துப் போடுவது மட்டும் போதாது. கிழிப்பது சுலபம். அலுவலகத்துக்கு நீங்களே பதில் எழுத வேண்டும். அதற்கான படிவத்தை நானும் வாங்கிப் பார்த்தேன். உங்கள் பெயருக்குக் கீழே ‘நிரந்தர விலாசம்’ என்று நீளமாக ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எந்த வீட்டை எழுதுகிறீர்கள் என்று எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். மனையை வாங்க ஆள் பார்த்து வைத்திருக்கிறேன்.

நகல் வந்த பிறகுதான் பூட்டுக்காரரிடம் இன்னொரு சாவிக்குச் சொல்வேன்.

இப்படிக்கு,
கணக்கம்மா